கமாயிஷி காட்டிய வழி

உலக ரக்பிப் பந்தாட்டப் பந்தயம் 2027-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் நடைபெறுவதென்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய சர்வதேசப் பந்தயங்களைத் தங்கள் ஊரில் நடத்தவேண்டுமென்று பல தேசத்து நகரங்களும் இன்று ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. பந்தயம் வந்தால் பணம் வரும், பெயர் வரும், பாதைகளும் விடுதிகளும் பெருகும் என்று அந்நகரங்களின் நிர்வாகிகள் ஜனங்களுக்குச் சொல்லுகிறார்கள். விருந்தினர் ஊர் திரும்பிய பிறகு, மிஞ்சியவை கடனும் ஆளற்ற மைதானமுமே என்று ஜனங்கள் பதில் சொல்வதும் உண்டு. இவ்விரண்டில் எது உண்மை? பெரிய நகரங்களின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டி இதற்கு விடை காண்பார் பலர். நாம் ஒரு சிறிய ஊரின் அனுபவத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். 2019-ம் வருஷத்தில் ஜப்பானில் நடந்த உலக ரக்பிப் பந்தயத்துக்கு இடம் கொடுத்த பன்னிரண்டு ஊர்களுள் மிகச் சிறியது கமாயிஷி. அவ்வூரின் கதையில் எல்லா நகரங்களுக்கும் படிப்பினை உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

கமாயிஷி, ஜப்பானின் வடகிழக்கே இவாத்தே மாகாணத்தில், பசிபிக் மகாசமுத்திரத்தை நோக்கியிருக்கும் சன்ரிக்குக் கடற்கரையில் உள்ளது. பின்னால் மலை, முன்னால் கடல். இவ்விரண்டுக்கும் இடையே குறுகலான நிலம். மீனும் இரும்புமே அவ்வூரின் ஜீவாதாரம். 1857-ம் வருஷத்தில் ஓஷிமா தகாதோ என்னும் அறிஞர் அங்கேதான் மேல்நாட்டு முறையில் ஊதுலை அமைத்து, கனிமத்திலிருந்து இரும்பை உருக்கி எடுத்தார். ஜப்பானின் நவீன இரும்புத் தொழிலுக்கு அதுவே ஆரம்பம். இரும்பு இருந்த காரணத்தினாலேயே 1945-ம் வருஷம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவ்வூர் எதிரிகளின் யுத்தக் கப்பல்களுடைய பீரங்கிகளுக்கு இலக்காயிற்று. நூற்றுக்கணக்கான மக்கள் மாண்டார்கள். சாம்பலிலிருந்து மறுபடியும் ஆலையைக் கட்டி எழுப்பினார்கள். 1960-க்குப் பிந்திய சில வருஷங்களில் ஜனத்தொகை 90,000-க்கு மேல் உயர்ந்திருந்தது. பின்னர்த் தொழில் நலிந்தது. 1989-ல் கடைசி ஊதுலையின் நெருப்பும் அவிந்தது. இளைஞர்கள் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றார்கள். ஊர் சிறுத்தது.

இந்த ஊருக்கும் ரக்பிக்கும் உள்ள தொடர்பு 2019-ல் உண்டானதன்று. இரும்பாலைத் தொழிலாளிகளின் ரக்பிக் கோஷ்டி 1979 முதல் 1985 வரையில் தொடர்ந்து ஏழு வருஷங்கள் ஜப்பான் தேசத்தின் முதன்மைப் பட்டத்தை வென்றது. பகலில் ஆலையில் உழைத்தவர்களே மைதானத்தில் இறங்கி, தலைநகரின் சிறந்த கோஷ்டிகளைத் தோற்கடித்தார்கள். வடதிசை இரும்பு மனிதர்கள் என்று தேசம் அவர்களை அழைத்தது. நிறைய மீன் பிடித்துத் திரும்பும் படகில் செம்படவர்கள் பறக்கவிடும் பெரிய வண்ணக் கொடிகளை, அவ்வூர் ஜனங்கள் ஆட்டத்தின்போது பார்வையாளர் மேடையில் வீசி ஆரவாரித்தார்கள். ஆலை ஒடுங்கிய பிறகும் ஆட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. கம்பெனியின் கோஷ்டி 2001-ல் ஊராரின் கோஷ்டியாக மாறி, கமாயிஷி ஸீவேவ்ஸ் என்ற பெயர் பூண்டது. ஊருக்குள் விளையாட்டு முன்பே குடியிருந்தது. உலகப் பந்தயம் பின்னரே வந்தது. இதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

2011-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி பிற்பகல் 2-46 மணிக்குக் கடலடியில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை எழுந்தது. இவ்வலை எத்தகையதென்று தமிழ் மக்களுக்கு நாம் விவரிக்க வேண்டுவதில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியை நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் மறக்கவில்லை, இலங்கையின் கீழ்க்கரையும் மறக்கவில்லை. 1896-லும் 1933-லும் பேரலைகளால் அடிபட்டிருந்த சன்ரிக்குக் கரையார், இந்த முறை தக்க காவல் இருப்பதாக நம்பியிருந்தார்கள். கமாயிஷி வளைகுடாவின் வாயிலில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர், சுமார் முப்பது வருஷ வேலைக்குப் பின் 2009-ல் முடிந்திருந்தது. உலகிலேயே மிக ஆழமான சுவர் என்ற புகழும் அதற்கு இருந்தது. அச்சுவர் அலையைச் சிறிது தாமதிக்கச் செய்தது, தடுக்க முடியவில்லை. அலை சுவரை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. அந்நகர எல்லைக்குள் மாண்டோரும் காணாமற் போனோரும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்.

நகரின் வடபாகத்திலுள்ள உனோசுமாய் என்னும் பகுதியில் அன்று நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை நாம் சேர்த்தே கூறவேண்டும். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. நகரசபை வெளியிட்ட அபாயப் படத்தில் அப்பள்ளிகள் அலை எட்டாத இடமென்றே குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் கும்மா சர்வகலாசாலையைச் சேர்ந்த கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர், படத்தை நம்பியிராதீர்கள், கூடியமட்டும் முயலுங்கள், பிறருக்காகக் காத்திராமல் நீங்களே முதலில் ஓடுங்கள் என்று பல வருஷங்களாக அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் போதித்து வந்திருந்தார். பூமி அதிர்ந்தவுடன் பெரிய பிள்ளைகள் ஓடினார்கள். மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்த சிறு பிள்ளைகள் அதைக் கண்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் சிறியவரின் கையைப் பிடித்துக்கொண்டனர். முதலில் குறித்திருந்த இடத்தை அடைந்ததும், அதன் பின்புறக் குன்று சரிவதைக் கண்டு மேலும் மேலே சென்றார்கள். அவர்கள் விட்டு வந்த இடத்தை அலை மூடிற்று. அவ்வாறு ஓடிய ஏறக்குறைய 570 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

மற்றச் சம்பவம் துக்ககரமானது. அதே உனோசுமாயில் அபாய நிவாரணக் கட்டடம் ஒன்று இருந்தது. பேரலைக்குப் புகலிடமாக அது நியமிக்கப்பட்டதன்று. ஆயினும் ஒத்திகைகளுக்கு அதனை உபயோகித்து வந்ததால், ஜனங்கள் அங்கே ஓடிப் புகுந்தார்கள். அலை உள்ளே நுழைந்தது. 160-க்கு மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தப்பியதை உலகம் ‘கமாயிஷி அற்புதம்’ என்று புகழ்ந்தது. அந்தப் பெயரை அவ்வூரார் பின்னர் விரும்பவில்லை. பயிற்சியினால் விளைந்ததை அற்புதம் என்பது எங்ஙனம் பொருந்தும்? பிள்ளையை இழந்த தாய், தகப்பனை இழந்த மகன் ஆகியோரின் காதில் அந்த வார்த்தை எங்ஙனம் விழும்? இப்படி எண்ணி ஒரு புகழ்மொழியை ஒதுக்கிய ஜனங்களின் மனப்பான்மையை நாம் போற்றுகிறோம்.

அந்நாட்களில் ஊரின் ரக்பி ஆட்டக்காரர்கள் பந்தைக் கீழே வைத்துவிட்டு மூட்டை சுமந்தார்கள். முதியோரைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களுள் ஸ்காட் ஃபார்டி என்ற ஆஸ்திரேலியர் ஒருவர். அவரைப் பத்திரமாகத் தாய்நாட்டுக்கு அனுப்ப அவரது சர்க்கார் முன்வந்தது. அவரோ ஊராரோடு இருந்து உதவி செய்வதென்று தங்கிவிட்டார். அவர் பிற்காலத்தில் தம் தேசத்துக் கோஷ்டியில் இடம் பெற்று, 2015-ம் வருஷத்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் ஆடினார். ஆபத்தில் ஊரை விட்டுப் போகாதவரை ஊரும் மறப்பதில்லை.

இந்நிலையில், உலகப் பந்தயத்துக்கு இடம் கொடுப்போம் என்று கமாயிஷி முன்வந்தது. 2015-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வெளியான ஊர்களின் ஜாபிதாவில் அதன் பெயர் இருந்தது. அப்போது ஊரில் மைதானமே கிடையாது. வீடிழந்த குடும்பங்கள் பல இன்னும் தற்காலிகக் குடியிருப்புகளில் வாசம் செய்துகொண்டிருந்தன. சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கு விளையாட்டு மண்டபம் எதற்கு, முதலில் வீடு கட்டுங்கள், பிறகு விருந்து வைக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் விளையாட்டின் விரோதிகளல்ல, ஊரின் விரோதிகளுமல்ல. குளிர்காலத்தில் மெல்லிய சுவருக்குள் முடங்கிக் கிடந்தவர் கேட்கும் கேள்வி அது. அதற்குப் பதில் கூறாமல் கொட்டு முழக்கத்தினால் அடக்கும் எந்த நிர்வாகமும் தனது கடமையில் தவறியதாகும்.

மறுபக்கத்தில் நின்றவர்களின் வாதமும் தள்ளத்தக்கதன்று. வீடு மட்டும் ஊராகிவிடுமா? இளைஞர் போய்விட்ட ஊரில், அனுதாபத்தின் பொருளாகவே உலகத்தின் கண்ணில் எத்தனை காலம் இருப்பது? உதவி பெற்றவர்கள் என்ற நிலையிலிருந்து உபசரிப்பவர்கள் என்ற நிலைக்கு ஒரு நாளாவது உயரவேண்டாமா? நீங்கள் அனுப்பிய உதவியினால் நாங்கள் இப்படி எழுந்து நிற்கிறோம் என்று வந்து பார்ப்பவர்களிடம் காட்டவேண்டாமா? இவ்வாறு அவர்கள் கேட்டார்கள். வீடு வேண்டுமென்றதும் நியாயம். மானம் வேண்டுமென்றதும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதுமிடத்தில் அளவறிந்து நடப்பதே நிர்வாகத்தின் திறமை.

கமாயிஷி அளவறிந்து நடந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அலை அழித்த அந்த இரண்டு பள்ளிகளையும் மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். பள்ளிகள் நின்ற தாழ்ந்த இடத்தை உயர்த்தி, அங்கே மைதானம் அமைத்தார்கள். அந்தப் பந்தயத்துக்கென்று புதிதாகவே கட்டியது ஜப்பான் முழுவதிலும் இது ஒன்றுதான். நிரந்தரமான ஆசனங்கள் சுமார் 6,000 மட்டுமே. பந்தயத்துக்கு வேண்டிய மற்ற ஆசனங்களைத் தற்காலிகமாக அமைத்து, முடிந்ததும் எடுத்துவிடுவதென்று ஏற்பாடு. 2017-ல் காட்டுத் தீயில் அடிபட்ட மரங்களை வீணாக்காமல் அறுத்து ஆசனங்களுக்கு உபயோகித்தார்கள். வேறு மைதானங்கள் தந்த பழைய ஆசனங்களும் அங்கே இருக்கின்றன. மேற்கூரை சிறிது, எதிரே மலை. 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அது திறக்கப்பட்டது. பிள்ளைகள் உயிருக்கு ஓடிய இடத்தில் இப்போது பிள்ளைகள் பந்துக்கு ஓடுகிறார்கள்.

2019-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி அங்கே முதல் ஆட்டம் நடந்தது. பிஜித் தீவினரும் உருகுவே தேசத்தாரும் மோதினார்கள். பார்க்க வந்தவர் 14,025 பேர். மாண்டவர்களை நினைத்து எல்லோரும் மௌனமாக நின்றார்கள். அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள், உலகம் செய்த உதவிக்கு நன்றி கூறிப் பாடினார்கள். மீன்பிடிப் படகுகளின் வண்ணக் கொடிகள் பழையபடி காற்றில் பறந்தன. பிஜியார் அக்காலத் தர வரிசையில் உருகுவேயாருக்கு வெகு தூரம் முன்னால் இருந்தவர்கள்; வெற்றி அவர்களுக்கே என்று பலரும் நினைத்திருந்தனர். முடிவில் உருகுவே 30-க்கு 27 என்ற கணக்கில் வென்றது. உலகக் கோப்பையில் 2003-க்குப் பிறகு அத்தேசத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. சிறியவன் வெல்லக்கூடும் என்பதைக் காண அந்தச் சிற்றூரைக் காட்டிலும் தகுந்த இடம் வேறு ஏது?

ஆனால் கமாயிஷியின் உண்மையான பெருமை, அங்கே நடந்த ஆட்டத்தைவிட நடவாத ஆட்டத்திலேயே விளங்குகிறது என்பது நமது துணிபு. நமிபியாவும் கனடாவும் மோதும் இரண்டாவது ஆட்டம் அக்டோபர் 13-ந் தேதிக்கு நிச்சயமாகியிருந்தது. அதற்கு முந்திய தினம் ஹகிபிஸ் என்னும் கொடும் புயல் ஜப்பானைத் தாக்கிற்று. தேசத்தின் பல பாகங்களில் ஆறுகள் கரை புரண்டன, பலர் மாண்டனர். கமாயிஷியில் மண் சரிந்தது, தெருக்களில் சேறு நிறைந்தது. 13-ந் தேதி காலையில் ஆட்டம் ரத்தென்று அறிவிக்கப்பட்டது. பல வருஷங்களாகத் தவமிருந்து பெற்ற இரண்டு ஆட்டங்களில் ஒன்று போயிற்று. வந்த விருந்தினருக்கு ஏமாற்றம். கடை வைத்தவருக்கு நஷ்டம். ஆயினும், அபாயத்தை அலட்சியம் செய்து ஜனங்களைக் கூட்டக் கூடாதென்பதை அந்த ஊருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நிச்சயித்த காரியம் நடந்தேயாகவேண்டும் என்னும் பிடிவாதத்தைவிட, ஓடவேண்டிய நேரத்தில் ஓடுவதே அறிவு என்பதை 2011-ல் அதன் பிள்ளைகள் தேசத்துக்குக் கற்பித்திருந்தார்கள்.

அன்று கனடாக் கோஷ்டியார் என்ன செய்தார்கள்? ஆட்டம் போயிற்றே என்று அறையில் உட்கார்ந்திருக்கவில்லை. மண்வெட்டியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, சேற்றை வாரினார்கள்; வீடுகளைச் சுத்தம் செய்ய உதவினார்கள். நமிபியா ஆட்டக்காரர்கள் தாங்கள் தங்கியிருந்த மியாகோ என்னும் பக்கத்து நகரில் ஜனங்களைச் சந்தித்து ஆறுதலளித்தார்கள். அன்றிரவு யோகோஹாமாவில் ஜப்பான் கோஷ்டி ஸ்காட்லாந்தை 28-க்கு 21 என்று வென்று, முதன் முறையாகக் கால் இறுதிச் சுற்றுக்கு ஏறிற்று. தேசம் முழுவதும் கொண்டாடியது. அதைக் குறை கூற இடமில்லை. ஆயினும் அந்தப் பந்தயத்தைப்பற்றிப் பேசும்போதெல்லாம், கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்கருடன், சேறு வாரிய கனடியரையும் உலகம் நினைக்கிறது. அவர்கள் ஒரு நாள் ஆடியிருந்தால் இந்தப் பெயர் கிடைத்திருக்குமா?

இங்கே நாம் மிகைப்படுத்திக் கூறவும் கூடாது. பந்தயத்தினால் கமாயிஷி பழைய செல்வத்தை அடைந்துவிடவில்லை. 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கில் அவ்வூரார் சுமார் 32,000 பேரே. முன்பிருந்ததில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இளைஞர் வெளியேறுவது நின்றபாடில்லை. பேரலைக்குப் பின் எட்டு வருஷம் கழித்து 2019 மார்ச்சில் மறுபடியும் ஓடத் தொடங்கிய கடற்கரை ரயில், அதே வருஷத்துப் புயலினால் சிதைந்து, 2020 மார்ச்சில்தான் முழுவதும் சீரடைந்தது. இரண்டு மணி நேர ஆட்டம் ஆலையை மீட்டுத் தராது. அப்படித் தரும் என்று வாக்களிப்பவர்கள், ஜனங்களை ஏமாற்றுகிறார்கள் அல்லது தாங்களே ஏமாந்திருக்கிறார்கள்.

அப்படியானால் எஞ்சியது என்ன? ஊர்க் கோஷ்டி ஆட ஓர் இடம் எஞ்சியது. மைதானத்துக்கு வரும் ரயில் நிலையத்தின் அருகே, அந்த அபாய நிவாரணக் கட்டடம் இருந்த இடத்தில், இறந்தோருக்காகப் பிரார்த்தனை செய்யும் பூங்கா எஞ்சியது. பிழைத்தவர்கள் வருவோருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லும் நிலையம் ஒன்றும் அங்கே உண்டு. ஆயத்தமாயிருப்பது, ஓடுவது, திரும்பிப் போகாமலிருப்பது, அடுத்த தலைமுறைக்குச் சொல்லுவது ஆகிய நான்கையும் அவ்வூர் தனது பிரதிக்ஞையாக ஏற்றிருக்கிறது. பந்தாட்டம் பார்க்க வருகிறவனும் அவ்விடத்தைக் கடந்தே மைதானத்துக்குச் செல்கிறான். விளையாட்டு விழாவின் பெயரால் துக்கத்தை மறைக்காமல், துக்கத்தின் பெயரால் விளையாட்டைத் தடுக்காமல், இரண்டையும் ஒரே பாதையில் வைத்தது அந்த ஊர்.

இனிப் பந்தயங்களை அழைக்கும் நகரங்களும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் சர்க்கார்களும் இதிலிருந்து மூன்று விஷயங்களை உணரவேண்டும். முதலாவது, விளையாட்டு ஊராருடையதாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து சில வாரங்களுக்கு வாடகைக்குக் கொண்டுவரும் உற்சாகம், வந்த ரயிலிலேயே திரும்பிவிடும். இரண்டாவது, விருந்தினரின் எண்ணிக்கைக்கு அல்ல, விருந்து முடிந்தபின் வீட்டிலிருப்பவரின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கட்டடம் எழுப்பவேண்டும். வீடற்றவர் கேட்கும் கேள்விக்குக் கட்டடம் எழும்புமுன்பே பதில் சொல்லவும் வேண்டும். மூன்றாவது, எவ்வளவு பெரிய விழாவானாலும், ஓர் உயிருக்கு அபாயமென்றால் அதை நிறுத்தும் தைரியம் நிர்வாகிகளுக்கு வேண்டும். இம்மூன்றும் இல்லாத நகரம் எத்தனை கோடி செலவிட்டாலும், ஆடம்பரம் செய்ததாகுமே தவிர விருந்தோம்பியதாகாது.

வந்தவரை உபசரிப்பது நமது பழைய தர்மம். செல்வன் வைக்கும் விருந்தைவிட, இடிந்த வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டே ஏழை வைக்கும் விருந்து பெரிது என்பதையும் நம்மவர் அறிவார்கள். கமாயிஷி அத்தகைய விருந்தைப் படைத்தது. புயல் வந்தபோது அதைப் பாதியில் நிறுத்தவும் அஞ்சவில்லை. வந்த விருந்தினரும் இலையை விட்டு எழுந்து, வீட்டாரோடு சேர்ந்து வாசலைக் கூட்டினார்கள். ஒரு நகரமும் அதன் விருந்தினரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.